கங்காவின் நிரை

ராணுவ வண்டி தோட்டத்துக் கோயிலைத் தாண்டி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குள் திரும்பியபோது சின்னத்தாய் போட்ட குலவைச் சத்தத்தில் கோழிகள் எல்லாம் சாக்கடையைத் தாண்டி ஓடின.

வண்டி நின்றதும் பின்கதவைத் திறக்க ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

“மெதுவா லா! ஆளாளுக்கு இழுக்காதீங்க. அது என்ன அரிசி மூட்டையா?” என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பன் கத்தினார்.

முதலில் இரண்டு ஊன்றுகோல்கள் வெளியே வந்தன. பிறகு செல்லனின் வலது கால். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காற்சட்டைத் துணியை மடித்து ஊசி குத்தியிருந்தார்கள்.

சத்தம் சட்டென்று அடங்கியது. எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். கண்ணால் பார்ப்பது வேறு.

“என்ன மண்டோரண்ணே, அப்படிப் பாக்கிறீங்க?” என்றான் செல்லன். “ஒண்ணை எல்லையில காவலுக்கு விட்டுட்டு வந்திருக்கேன். இனி ஒரு பய தாண்ட மாட்டான்.”

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ ஆரத்தித் தட்டைக் கொண்டுவந்து சுற்றினார்கள். அவன் கழுத்தில் விழுந்த மாலைகளின் கனத்தில் ஊன்றுகோல் வழுக்கியது. அவனோடு வண்டியில் வந்து இறங்கிய கங்கா பின்னாலிருந்து கணவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து வாரம் கழித்து அவள் தன் வீட்டைப் பார்க்கிறாள். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வாசற்படி ஓரத்தில் பிடித்து ஏற ஒரு மரக்கைப்பிடி. குளிக்கும் இடத்தில் உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை. அடுப்படியில் விறகு கூரை வரை அடுக்கியிருந்தது. மூன்று குடும்பத்துக்குப் போதும்.

செல்லன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தான். “இந்த வீடாவது நமக்குன்னு இருக்கே, கங்கா” என்றான். அவன் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

கங்கா கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தாயம்மாக்கா எங்கே? வரவேற்க முதல் ஆளாக நிற்கவேண்டியவள் அவளல்லவா?

*

சுங்கை செலாசி தோட்டத்தில் அந்த வருடம், 1984இல், ரப்பரை அழித்து எண்ணெய்ப் பனை நடும் வேலை தொடங்கியிருந்தது. ஆள் குறைக்க நிர்வாகத்துக்குக் காரணம் வேண்டும். அனுமதி இல்லாமல் இரண்டு வாரம் வேலைக்கு வராதவர் பெயரை வெட்டலாம் என்று ஒரு விதி இருந்தது. முன்பு யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. இப்போது அதை அலுவலகக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம்தான் செல்லனைப் பற்றிய செய்தி வந்தது. அவன் ரேஞ்சர் படையில் கோப்ரல். தாய்லாந்து எல்லைக் காட்டில் ரோந்து போனபோது கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடியை மிதித்துவிட்டான். கோலாலம்பூர் ராணுவ மருத்துவமனையில் கிடக்கிறான்.

கங்கா நான்கு வயது மகள் திலகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். இரண்டு வாரம் விடுமுறை கொடுத்தார்கள்.

“ரெண்டு வாரத்துல கால் முளைச்சிருமா?” என்று கேட்டவள் தாயம்மா.

தாயம்மாவுக்கு ஐம்பது வயது. கணவனை இழந்தவள். இரண்டு வீடு தள்ளி, பதினெட்டு வயது மகள் அம்சவள்ளியோடு இருந்தாள். அன்று லயத்துப் பெண்களைக் குழாயடியில் நிறுத்தி வைத்து அவள்தான் திட்டம் போட்டாள்.

“இங்க பாரு கங்கா, நீ போ. அந்தப் புள்ள எழுந்து உக்காரும் வரைக்கும் வராத. உன் நிரையில இருக்கிற மரத்துல நாங்க ஆறு பேரு பங்கு போட்டுப் பால் வெட்டுறோம். ஓடைக்கரைப் பக்கம் சரிவா இருக்கும், அது என் பங்கு. பெரட்டுல உன் பேரைக் கூப்பிட்டா யாராவது ஒருத்தி குரல் குடுப்போம். ஆபீசுக்கு வந்திருக்கிற புதுக் கிராணிக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.”

“மண்டோர்?” என்று கங்கா கேட்டாள்.

விடியும் முன் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவரே உடையப்பன்தான். பக்கத்தில் நின்ற அவர் வானத்தைப் பார்த்தார். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம். குரல் கேட்டா சரி. யாரு குரல்னு நான் என்ன கண்டேன்?” என்றார்.

திலகத்தை அம்சவள்ளி வாங்கிக்கொண்டாள். கங்கா பஸ் ஏறினாள்.

கோலாலம்பூரில் அவளுக்கு யாரையும் தெரியாது. ராணுவக் குடியிருப்பில் ஒரு சார்ஜண்டின் மனைவி, யாத்தி என்ற மலாய்க்காரப் பெண், தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தாள். தினமும் சோறு கட்டிக் கொடுத்தாள். “என் புருஷனும் அதே காட்டில்தான் இருக்கிறார்” என்று ஒருநாள் மட்டும் சொன்னாள். பத்து வாரம் அப்படி ஓடியது. ஒவ்வொரு வாரமும் தோட்டத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து, திலகம் நன்றாக இருக்கிறாள், உன் பெயர் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசி மூன்று வாரம் தாயம்மாவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கங்காவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

*

“பாம்பு கடிச்சிருச்சு” என்றாள் சின்னத்தாய்.

கூட்டம் கலைந்திருந்தது. செல்லன் உள்ளே படுத்திருந்தான். சின்னத்தாய் அடுப்படியில் கங்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினாள்.

“அக்கா போய் இருபது நாளாச்சு. ஆஸ்பத்திரியில உனக்கு இருக்கிற கஷ்டம் சூசா போதாதா? அதனாலதான் சொல்ல வேணாம்னு எல்லாரும் முடிவு பண்ணோம்.”

“எங்க கடிச்சுது?”

“கால்ல.”

“அதைக் கேக்கல. எந்த இடத்துல?”

“அவ மரத்துலதான். வேற எங்க?” சின்னத்தாய் எழுந்துவிட்டாள். “கஞ்சி வச்சிருக்கேன், புள்ளைக்குக் குடு.”

அம்சவள்ளி திலகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். கங்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் அழவில்லை. குழந்தை விழுந்துவிடாமல் மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“சித்தப்பாவுக்கு வலி இருக்கா சித்தி?” என்று கேட்டாள்.

“நீ எப்படிம்மா இருக்கே?”

“இருக்கேன். மாசக் கடைசில வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. கிள்ளான் பக்கம் ஃபாக்டரில சேரலாம்னு இருக்கேன். ஹாஸ்டல் இருக்காம்.”

“எதுக்குக் காலி பண்ணணும்? வேலை செய்யும்போது செத்தவங்க வீட்டுல பிள்ளைக்குத்தானே அந்த வேலையைக் குடுப்பாங்க?”

அம்சவள்ளி பதில் சொல்லுமுன் வாசலில் நின்ற உடையப்பன் குறுக்கிட்டார். “ஆபீசுல வேற மாதிரி எழுதிட்டாங்க. தாயம்மா மரத்துல கிடக்கல. ரோட்டுல, கல்லுச் சடக்குல கிடந்துச்சு. வேலை நேரத்துல மரத்தை விட்டுட்டு வெளிய சுத்தப் போச்சு, அப்ப பாம்பு கடிச்சுதுன்னு கிராணி எழுதிட்டான். அதனால ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க.”

“சுத்தப் போச்சா? தாயம்மாக்காவா?”

முப்பது வருடம் பால் மரம் வெட்டியவள் தாயம்மா. மழைக்குக்கூட மரத்தடியை விட்டு நகராதவள். லயத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘ஆணி’.

உடையப்பனும் அம்சவள்ளியும் ஒரே மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள்.

*

திங்கட்கிழமை கங்கா வேலைக்குத் திரும்பினாள். பெரட்டில் தன் பெயருக்குத் தானே குரல் கொடுத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சின்னத்தாய் பின்னாலேயே வந்தாள்.

“ஓடைக்கரைப் பக்கம் நீ போக வேணாம். அதை நான் வெட்டிக்கிறேன். உடம்பு தேறட்டும்.”

“உடம்புக்கு என்ன? கால் போனது எனக்கா?” என்று சொல்லிவிட்டு கங்கா நேராக ஓடைக்கரைக்கே போனாள்.

பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு கைக்கும் ஒரு வெட்டு. பட்டையைப் பார்த்தே யார் கத்தி என்று சொல்லிவிடலாம். சின்னத்தாய் ஆழமாக இழுப்பாள், மரத்துக்குக் காயம் பட்டுவிடும். தாயம்மா இடக்கைக்காரி. தோட்டத்திலேயே ஒரே இடக்கைக்காரி. மரத்துக்கு எதிர்ப்பக்கமாக நின்றுதான் வெட்டுவாள். அவள் கோட்டின் மேல்முனை மட்டும் பல் பல்லாக இருக்கும்.

ஓடைக்கரை மரங்களில் அந்தப் பல் வரிசை தெரிந்தது. அதன் கீழே, கடைசி மூன்று வாரத்து வெட்டில், சின்னத்தாயின் ஆழமான கோடுகள்.

கங்கா மரம் மரமாக நகர்ந்தாள். சரிவின் பாதியில் ஒரு மரத்தில் அவள் கை நின்றது.

அந்த மரத்தில் தாயம்மாவின் கடைசிக் கோடு பாதியிலேயே முடிந்திருந்தது. கத்தி சறுக்கிப் பட்டையில் கீழ்நோக்கி இழுத்த தழும்பு. அதற்கு அப்புறம் இருந்த மரங்களில் அன்றைய வெட்டே இல்லை. ஒரு கோடு குறைந்தது. அடுத்த கோடு சின்னத்தாயுடையது.

அவள் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பால் வடிந்து மங்கு நிரம்பும் வரை உட்கார்ந்திருந்தாள்.

சின்னத்தாய் தேடிக்கொண்டு வந்தபோது கங்கா எழுந்திருக்கவில்லை.

“இந்த மரத்துலதானே?”

சின்னத்தாய் வாளியைக் கீழே வைத்தாள்.

“சொல்லு. இங்கதானே கடிச்சுது? என் நிரையில, என் மரத்தை வெட்டும்போது?”

“நான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்டி.”

“யாருக்கு?”

“செத்துக் கிடந்தவளுக்கே.” சின்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “விடிஞ்சும் விடியல. கூப்பிட்டா. ஓடி வந்தேன். காலைப் பிடிச்சிட்டு இந்த மரத்துலதான் சாஞ்சிருந்தா. உக்காருக்கா, அசையாத, நான் போய் மண்டோரைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். என்ன சொன்னா தெரியுமா? இங்க வேணாம்டின்னா. ஆபீஸ்காரங்க இங்க வந்து பார்த்தா கங்கா எங்கன்னு கேப்பாங்க. நான் என் மரத்துக்குப் போயிடுறேன், நீ மண்டோரை அங்க கூட்டிட்டு வான்னா.”

“நீ விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்டி! அவ சொன்னா யாருடி மறுத்துப் பேசுவோம்? நானும் மண்டோரும் அவ மரத்துல போய் நின்னுட்டு இருக்கோம், ஆளைக் காணோம். பால் லோரிக்காரன்தான் சடக்குல பாத்தான். நாங்க போகும்போது பேச்சு இல்ல.”

ஓடைக்கரையிலிருந்து தாயம்மாவின் மரங்களுக்கு அரை மைல். கல் சடக்கு மேட்டில் ஏறிப் போக வேண்டும்.

“அம்சாவுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே சொல்லிட்டோம். சித்திகிட்ட யாரும் சொல்லாதீங்கன்னு அந்தப் புள்ளதான் முதல்ல சொன்னுச்சு.”

*

கங்கா செல்லனிடம் மாலையில் சொன்னாள். அவன் வாசலில் உட்கார்ந்து ஊன்றுகோலுக்கு ரப்பர்த் துண்டு கட்டிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

“பாம்பு கடிச்சா நடக்கக் கூடாது” என்றான். “எங்களுக்கு அதுதான் முதல் பாடம். அவங்களுக்குத் தெரியாதா?”

“தோட்டத்துல யாருக்குத் தெரியாது? பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“தெரிஞ்சா நடந்தாங்க?”

“தெரிஞ்சுதான்.”

செல்லன் ரப்பர்த் துண்டைக் கீழே போட்டான். “கண்ணிவெடி வெடிச்சப்ப என்னை நாலு பேரு ரெண்டு மணி நேரம் தூக்கிட்டு வந்தாங்க கங்கா. ஹெலிகாப்டர் இறங்குற இடம் வரைக்கும். ஒருத்தன் சரவாக்காரன், ஒருத்தன் மலாய்க்காரன், இன்னும் ரெண்டு பேரு நம்மாளு. மாத்தி மாத்தித் தூக்கினாங்க. நான் ஒரு அடி எடுத்து வைக்கல. இங்க ஒரு பொம்பள தனியா நடந்திருக்கு.”

பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து விளம்பரம் ஓடியது.

“நான் ஆபீசுல சொல்லப் போறேன்” என்றாள் கங்கா.

செல்லன் வாசற்படியின் கைப்பிடியைப் பார்த்தான். சுவரின் புதுவெள்ளையைப் பார்த்தான். அவனுக்குப் படை விடுப்பு முடிந்ததும் வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். உதவிப்பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வீட்டை விட்டால் ரவாங்கில் அவன் அண்ணன் வீட்டு முன்கூடம். அங்கே ஏற்கெனவே ஏழு பேர்.

“அண்ணி மூஞ்சியை எத்தனை நாளைக்குப் பாக்க முடியும்னு நினைக்கிற?” என்று கேட்டான்.

“தெரியல.”

“நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல” என்றான் கடைசியில். “சொல்றதுக்கு முன்னாடி மத்தவங்களை யோசி. நீ மட்டும் வெட்டுப்பட்டா பரவால்ல.”

*

அவன் சொன்னது சரிதான். மறுநாள் குழாயடியில் கங்கா சொன்னதும் அது வெடித்தது.

“ஏய், உனக்குப் பைத்தியமா?” என்றாள் சின்னத்தாய். “எட்டு வாரம் உன் பேருக்குக் குரல் குடுத்தது நாங்க. நீ போய்ச் சொன்னா எங்க ஆறு பேரு பேரும் போகும். மண்டோருக்கு அடுத்த வருஷம் பென்ஷன். அதுவும் போகும்.”

“ஆறு பேரு இல்ல, இப்ப அஞ்சு பேரு” என்றாள் கங்கா.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “கங்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த லயம் உன் புருஷனுக்காகச் செஞ்சது தர்மம் இல்ல. அவன் அங்க எல்லைல நின்னான். இங்க நாம நின்னோம். அந்தம்மா செத்தும் அந்த வீட்டைக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிருக்கு. அதைப் போய் நீ ஆபீஸ் மேசையில வைக்கப் போறியா?”

“அதே மேசையில தாயம்மாக்கா வேலையை விட்டுட்டு ஊர் சுத்தினாங்கன்னு எழுதியிருக்கு அண்ணே. அதை நீங்க படிச்சுட்டு வந்து சாப்பிடுறீங்க, தூங்குறீங்க.”

அவர் முகம் சுருங்கியது. கங்காவுக்கே அது அதிகம் என்று தோன்றியது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை.

இரண்டு நாள் அவள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை வேலை முடிந்ததும் குளித்து, நல்ல புடவை கட்டி, அலுவலகத்துக்குப் போனாள். செல்லனும் கூட வந்தான். கல் சடக்கில் ஊன்றுகோல் ஊன்றி வர அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் லோரி நின்றது. ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் மறுத்துவிட்டான்.

மேனேஜர் நடுவயதுக்காரர், தமிழர். செல்லனைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார்.

“ஐயா, தாயம்மா செத்த அன்னைக்கு என் மரத்தைத்தான் வெட்டிட்டு இருந்தாங்க” என்றாள் கங்கா. “நான் கோலாலம்பூர்ல இருந்தேன். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் என் பேருக்குக் குரல் குடுத்து என் மரத்தை வெட்டுங்கன்னு நான்தான் அவங்களைக் கெஞ்சிக் கேட்டேன். வேற யாருக்கும் தெரியாது. மண்டோருக்கும் தெரியாது. ஓடைக்கரையில பாம்பு கடிச்சு, உதவி தேடித்தான் சடக்குக்கு வந்திருக்காங்க. சுத்தப் போகல.”

மேனேஜர் வருகை பதியும் செக்ரோல் புத்தகத்தைத் திறந்தார். பத்து வாரத்துப் பக்கங்களைப் புரட்டினார். விடுமுறை கொடுத்த இரண்டு வாரம் போக, கங்காவின் பெயருக்கு நேராக ஒரு நாள்கூட விடுபடவில்லை. அவர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு செல்லனின் மடித்த காற்சட்டையைப் பார்த்தார், பிறகு கதவுக்கு வெளியே நின்ற உடையப்பனைப் பார்த்தார்.

“ஒரு நாள் மட்டும்?” என்றார்.

“ஒரே நாள்தான் ஐயா.”

“மத்த நாளெல்லாம் நீயே வந்து வெட்டினே?”

“ஆமாங்கையா.”

அது பொய் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் புத்தகத்தை மூடினார்.

“நீ சும்மா இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இப்ப நீ சொல்லிட்டே. பெரட்டுல ஆள் மாறாட்டம்னா பேரை வெட்டணும். எனக்கு மேல இருக்கிறவங்க விட மாட்டாங்க.”

“தெரியும் ஐயா. தாயம்மா பேருல எழுதியிருக்கிறதை மாத்துங்க. அம்சவள்ளிக்கு அந்த வேலையைக் குடுங்க. அது போதும்.”

“உன் புருஷனுக்காக வீட்டுக்கு ஒரு மாசம் தவணை தரேன்” என்றார் மேனேஜர். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் உடையப்பன் எதிரே நின்றார். செல்லனின் ஊன்றுகோலில் அவிழ்ந்திருந்த கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்.

*

தாயம்மா வேலையில் இருந்தபோதே இறந்தாள் என்று இரண்டு வாரத்தில் அலுவலகத்தில் மாற்றி எழுதினார்கள். அம்சவள்ளியின் பெயர் செக்ரோலில் ஏறியது. வீடு அவளுக்கே. விபத்துக்கான மனுவும் மறுபடி போனது.

அந்தச் செய்தியோடு கங்கா அவள் வீட்டுக்குப் போனாள். அம்சவள்ளி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“யாரு உங்களைக் கேட்டா சித்தி?”

கங்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நான் கேட்டேனா? எங்கம்மா கேட்டாங்களா?” அவள் கை நீரில் சுழன்றுகொண்டே இருந்தது. “அந்த வீடு உங்களுக்கு இருக்கணும்னுதான் அவ்வளவு தூரம் நடந்தாங்க. நான் ஃபாக்டரிக்குப் போயிருப்பேன். எப்படியோ பொழைச்சிருப்பேன். சித்தப்பா ஒத்தக் கால்ல எங்க போவாரு? இப்ப எங்கம்மா எதுக்குச் செத்தாங்க, சொல்லுங்க.”

“ஊர் சுத்தினாங்கன்னு எழுதி வச்சிருந்தாங்கம்மா.”

“எழுதட்டுமே! அது பொய்யின்னு நமக்குத் தெரியாதா? லயத்துல யாருக்குத் தெரியாது? ஆபீஸ்காரன் எழுதுறதை எங்கம்மா என்னைக்கு மதிச்சாங்க?”

கங்காவிடம் பதில் இருந்தது. உன் அம்மா விஷத்தோடு நடந்த அந்த அரை மைலை என் காலடியில் வைத்துக்கொண்டு என்னால் அந்த வீட்டில் சோறு பொங்க முடியாது என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொன்னால் தனக்காகத்தான் செய்தேன் என்று ஆகிவிடும். ஒருவேளை உண்மையும் அதுதானோ என்று அந்த நிமிடம் அவளுக்குச் சந்தேகம் வந்தது. சொல்லாமலே திரும்பினாள்.

*

மே மாதம், தவணை முடிந்த ஞாயிறு லோரி வந்தது. செல்லனின் அண்ணன்தான் ரவாங்கிலிருந்து அனுப்பியிருந்தார்.

சாமான் ஏற்ற லயமே வந்தது. ஆண்கள் கட்டிலைத் தூக்கினார்கள். பெண்கள் பானைகளுக்கு இடையில் வைக்கோல் திணித்தார்கள். விறகைக்கூட விடவில்லை. ரவாங்கில் அண்ணி வீட்டில் கேஸ் அடுப்பு என்று செல்லன் எவ்வளவோ சொன்னான். “இருக்கட்டும் தம்பி, காஸ் தீராமலா போகும்?” என்று உடையப்பன் பாதியை ஏற்றிவிட்டார். ஆனால் செல்லன் வந்த அன்று இருந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இல்லை. சின்னத்தாய் ஒரு டின் நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். கங்காவின் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

“என்மேல கோவமா?” என்று கங்கா கேட்டாள்.

“கோவம் இல்லடி. உன் நிரையில எட்டு வாரம் முதுகு ஒடிய வெட்டினேன். எதுக்குன்னு இப்ப நினைச்சா ஒண்ணும் தெரியல” என்றாள் சின்னத்தாய். பிறகு மனசு கேட்காமல், “முறுக்கு நமுத்துப் போறதுக்குள்ள தின்னுடுங்க” என்றாள்.

கடைசியாக அம்சவள்ளி வந்தாள். திலகம் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. இரண்டரை மாதம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளை. தாய் திரும்பி வந்த பிறகும் பல ராத்திரி அவளிடமே ஓடிப்போயிருந்தது.

“அம்சாக்காவும் வரட்டும்” என்றது.

“அக்காவுக்கு வேலை இருக்குடா கண்ணு.”

“அப்ப நான் இங்கயே இருக்கேன்.”

அம்சவள்ளி குழந்தையைத் தூக்கினாள். தலையை முகர்ந்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். கங்கா கையை நீட்டியபோது அவள் உடனே கொடுக்கவில்லை. கொடுத்தபோது இருவர் விரல்களும் குழந்தையின் முதுகில் ஒன்றின்மேல் ஒன்று பட்டன. அம்சவள்ளி தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

லோரி நகர்ந்தது. செல்லன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஊன்றுகோல்கள். கல் சடக்கில் தாயம்மா விழுந்து கிடந்த மேடு வந்ததும், மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொன்னான். அந்த மேட்டைத் தாண்டும் வரை அவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். டிரைவர் சிகரெட்டை வெளியே எறிந்துவிட்டு கியரைக் குறைத்தார்.

பக்கத்தில் கங்காவின் மடியில் இருந்த திலகம் அழத் தொடங்கியது. புக்கிட் பெலிம்பிங் தாண்டியும் அழுதது. பெரிய ரோட்டில் ஏறியும் நிறுத்தவில்லை. “அம்சாக்கா, அம்சாக்கா” என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டது.

“அமத்து கங்கா, புள்ளைக்கு மூச்சு முட்டிரப் போகுது” என்றான் செல்லன்.

கங்கா அமர்த்தவில்லை. குழந்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அது அழட்டும் என்று விட்டுவிட்டாள்.